கொலைகாரன் மறந்த ஒன்று

துப்பறியும் கதையில் வரும் கொலைகாரன் ஒரு தடயமும் விடக்கூடாது என்று பாடுபடுகிறான். எழுதுபவரோ, அவன் விட்டே தீரவேண்டிய ஒரு தடயத்தை எங்கே ஒளிப்பது என்று பாடுபடுகிறார். கதையின் கச்சிதம் இரண்டாமவர் கையில்தான் இருக்கிறது. முடிவு திடுக்கிட வைக்கவேண்டும். முன்பக்கங்களைப் புரட்டிப் பார்த்தால் எல்லாம் அங்கேயே கிடக்கவும் வேண்டும். ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் 1929-இல் பத்து விதிகள் வகுத்தார். துப்பறிபவர் கண்ட தடயத்தை வாசகரிடம் மறைக்கக்கூடாது, தற்செயல் அவருக்குக் கைகொடுக்கக்கூடாது என்பவை அவற்றில் முக்கியமானவை.

தமிழில் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் போன்றவர்கள் இவ்வகையைப் பரப்பினார்கள். ஆங்கில நாவல்களைத் தழுவிய அவர்களின் கதைகளில் விறுவிறுப்பு உண்டு; இந்தக் கறார் குறைவு. தேவனின் ‘துப்பறியும் சாம்பு’ விதியையே குப்புறக் கவிழ்த்தது. அசட்டு வங்கி குமாஸ்தா சாம்பு எதையும் கண்டுபிடிப்பதில்லை; அதிர்ஷ்டம் கண்டுபிடித்துக் கொடுக்கிறது, பெயர் அவனுக்கு.

வாரத் தொடரில் கச்சிதம் இன்னும் கடினம். ஒவ்வொரு வாரமும் ஒரு அதிர்ச்சியோடு ‘தொடரும்’ போடவேண்டும். முதல் வாரம் அச்சேறியதைப் பிறகு திருத்த வழியில்லை. குமுதத்தில் 1968-இல் வந்த ‘நைலான் கயிறு’ மூலம் வக்கீல் கணேஷை அறிமுகப்படுத்திய சுஜாதா, இந்த நெருக்கடிக்குள்ளேயே வேலை செய்தார். அவரது ‘கொலையுதிர் காலம்’ விஞ்ஞானமா ஆவியா என்பதைத் தீர்க்காமலே முடிகிறது. கறாரான வாசகருக்கு அது ஏமாற்றம்தான். ஆனால் இரு பக்கமும் தராசு சாயாமல் கடைசிவரை கொண்டுபோவது, கொலைகாரனைக் காட்டுவதைவிடச் சிரமமான வேலை.

பிறகு மாத நாவல்களின் காலம். செந்துறை போன்ற சிற்றூர்க் கடைகளிலும் தொங்கிய பாக்கெட் நாவல்களில் பட்டுக்கோட்டை பிரபாகரும் சுபாவும் கொடிகட்டிப் பறந்தார்கள். 1,500-க்கும் மேல் நாவல்கள் எழுதிய கோவை ராஜேஷ்குமாரின் பாணி தனி: அத்தியாயம் விட்டு அத்தியாயம் இரண்டு கதைகள் ஓடும், கடைசியில் ஒன்றுசேரும். சேருமிடம் இயல்பாக இருந்தால் வாசகர் அசந்துபோவார். இல்லையென்றால் ஒட்டுப்போட்டது தெரிந்துவிடும்.

குற்றத்தை மறைப்பவன் பக்கம் நின்று இதே கச்சிதத்தைக் காட்டியது, மலையாள ‘திரிஷ்யம்’ படத்தின் மறு ஆக்கமான ‘பாபநாசம்’ (2015). கேபிள் டிவி நடத்தும் சுயம்புலிங்கம் சாட்சிகள் யாரையும் பொய் சொல்லச் சொல்வதில்லை. அவர்கள் கண்டதைத்தான் சொல்கிறார்கள். எந்த நாளில் கண்டார்கள் என்பதை மட்டும் அவன் அவர்கள் மனதில் மாற்றிவிடுகிறான். அந்தக் குற்றத்தில் இறந்த பையனின் சிம்மை வேறொரு போனில் போட்டு, அதை லாரியில் எறிந்துவிடுகிறான். சிக்னல் லாரியோடு ஊர் ஊராகப் போகிறது. செல்போன் கோபுரமும் கண்காணிப்புக் கேமராவும் வந்தபின், எழுதுபவர் முதலில் போனுக்கு ஒரு வழி செய்துவிட்டுத்தான் கொலைக்கே வரமுடிகிறது.