எண்ணிக்கை சொல்லாத பாட்டு

காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை (1889–1934) கச்சேரி என்றால் மேடை நிறைந்துவிடும். மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று லயக்காரர்கள் சூழ்ந்திருக்க, நடுவில் அவர் கணக்குத் தவறாமல் பல்லவி பாடுவார். சொந்த ஊரில் ஆண்டுதோறும் தியாகராஜர் உற்சவமும் நடத்தினார். அவர் முன்னிலையில் நடந்த ஒரு பாட்டுப் போட்டியில், எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி முதல் பரிசு பெற்றாள். குருகுலவாசம் எதுவும் அவளுக்குக் கிடைத்ததில்லை. கச்சேரிகளை உட்கார்ந்து கேட்பாள். வீடு திரும்பியதும் சகோதரர்கள் துணையோடு கேட்டதை எழுதி வைப்பாள். 1932-இல், 13 வயதில், சென்னை ரசிக ரஞ்சனி சபாவில் மேடையேறிய அந்தப் பெண்தான் டி.கே. பட்டம்மாள்.

அந்தப் போட்டியில் பட்டம்மாளின் பாட்டை அதற்குமுன் எத்தனை பேர் கேட்டார்கள் என்ற எண் யார் கையிலும் இல்லை. காதில் விழுந்ததைக் கொண்டே முடிவு சொன்னார்கள். இன்று அப்படி ஒரு பாட்டைக் கேட்பது அரிது. குரல் காதில் விழுவதற்கு முன்பே, கேட்டவர் எண்ணிக்கை கண்ணில் பட்டுவிடுகிறது. அந்த எண் நம் ரசனையை என்ன செய்கிறது?

இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் மாத்யூ சால்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகிய மூவர். அவர்களுடைய ஆய்வு 2006-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. பெயர் தெரியாத குழுக்களின் 48 பாட்டுகளை இணையத்தில் வைத்தார்கள். 14,341 பேர் வந்து கேட்டார்கள், மதிப்பெண் போட்டார்கள், பிடித்ததைப் பதிவிறக்கிக்கொண்டார்கள். வந்தவர்களில் ஒரு பகுதியினருக்குப் பாட்டின் பெயரும் குழுவின் பெயரும் மட்டுமே தெரியும். மற்றவர்களை எட்டு தனித்தனி உலகங்களாகப் பிரித்து, தங்கள் உலகத்தில் எந்தப் பாட்டை எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்ற எண்ணையும் காட்டினார்கள். எட்டு உலகங்களும் பூஜ்யத்தில்தான் தொடங்கின. பாட்டுகளும் அவையே.

ஆனாலும் எட்டிலும் எட்டு வேறு பட்டியல்கள் உருவாயின. ‘லாக்டவுன்’ என்ற பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணைப் பார்க்காதவர்களின் கணக்கில் அதற்கு 26-ஆம் இடம். ஓர் உலகத்தில் அது முதலிடம் பிடித்தது. இன்னொன்றில் 40-ஆம் இடத்துக்குப் போனது. முதலில் வந்த சிலர் தற்செயலாக அழுத்திய பொத்தான், பின்னால் வந்தவர்களை இழுத்தது. அவர்கள் அடுத்தவர்களை இழுத்தார்கள். மிக நல்ல பாட்டுகள் அடியோடு தோற்பதும், மிக மோசமானவை முதலிடத்துக்கு வருவதும் அபூர்வமாகவே நடந்தன. நடுவில் இருந்த பெருங்கூட்டத்தின் தலைவிதியைத்தான் யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. வெற்றி பெற்ற கலைஞரைப் பார்த்து ‘திறமை இருந்தால் தானாக வெளியே வரும்’ என்று சொல்லும் வழக்கத்தை நான் நிறுத்திவிட வேண்டும் என்று நினைக்கவைத்த ஆய்வு இது.

சரி, கேட்காத பாட்டுக்கு எப்படி வாய்ப்புக் கொடுப்பது? எல்லாவற்றையும் எல்லோரும் கேட்க நேரமில்லை. இதற்கான விடையின் விதை 1933-இலேயே விழுந்துவிட்டது. வில்லியம் தாம்சன் என்பவர் அந்த ஆண்டு ‘பயோமெட்ரிகா’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அவர் யோசித்தது இரண்டு மருந்துகளைப் பற்றி: எது நல்லது என்று உறுதியாகத் தெரியும் முன்பே நோயாளிகளுக்குக் கொடுத்தாக வேண்டும் என்றால் எப்படிப் பங்கிடுவது?

அதைப் பாட்டுக்கு மாற்றிப் பார்க்கலாம். ஒரு பாட்டை 1,000 பேர் கேட்டு 600 பேர் விரும்பினார்கள். இன்னொன்றை நான்கே பேர் கேட்டு, இரண்டு பேர் விரும்பினார்கள். 60 சதவீதம் பெரிது, 50 சிறிது என்று இரண்டாவதை ஒதுக்கிவிடலாமா? கூடாது. நான்கு பேரை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அதன் உண்மையான மதிப்பு 30 ஆகவும் இருக்கலாம், 80 ஆகவும் இருக்கலாம். முன்முடிவு எதுவும் இல்லாமல் கணக்குப் போட்டால், இரண்டாவது பாட்டே உண்மையில் மேலானது என்பதற்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது! அதே பாட்டை 100 பேர் கேட்டு 50 பேர்தான் விரும்பினார்கள் என்றால், அந்த வாய்ப்பு நூற்றுக்கு மூன்றுக்கும் கீழே இறங்கிவிடும். ஒரு பாட்டு சிறந்ததாக இருக்க எவ்வளவு வாய்ப்போ, அந்த அளவுக்கு அதற்கு மேடை கொடு என்பதே தாம்சன் சொன்ன வழி. புதியவர் மீது காட்டும் கருணையாக இதை நினைக்க வேண்டாம். அறியாமையை அளந்து, அதற்கு உரிய பங்கைக் கொடுக்கும் கணக்கு இது. பல பத்தாண்டுகள் பெரிதாகக் கவனிக்கப்படாமல் கிடந்த இந்த முறை, இந்த நூற்றாண்டில் இணையப் பரிந்துரை வேலைக்காக மீண்டும் எடுக்கப்பட்டது. மார்கழி சீசனில் பிற்பகல் நேரத்தை இளம் கலைஞர்களுக்கென்று ஒதுக்கும் சபாக்கள், சூத்திரம் எழுதாமலே இதைத்தான் செய்கின்றன.

ஒருவர்கூடக் கேட்காத பாட்டுக்கு என்ன வழி? ‘இதை விரும்பியவர் அதையும் விரும்பினார்’ என்ற முறை அங்கே கைவிரித்துவிடும். 2013-இல் பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒலியையே படமாக்கிக் கணினிக்குக் காட்டினார்கள். கிடைமட்டத்தில் நேரம், செங்குத்தில் சுருதி. எந்தக் கணத்தில் எந்தச் சுருதி எவ்வளவு ஓங்கி ஒலிக்கிறதோ அந்தக் கட்டத்தில் அவ்வளவு அடர்த்தி. காஞ்சிபுரத்தில் சேலைக்கு டிசைன் போடுபவர் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்புவதைப் போல, ஒரு பாட்டு முழுவதும் கட்டங்களாகிவிடுகிறது. அந்தக் கட்டங்களைப் படித்து, இன்னும் யாரும் கேட்காத பாட்டை யாருக்குப் பிடிக்கும் என்று கணினி ஓரளவு ஊகித்தது.

அந்த டிசைன்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மனதில் தோன்றிய மயிலையோ யாளியையோ அவர் தாளில் வரைகிறார். பிறகு கிராஃப் தாளுக்கு மாற்றுகிறார். தாளின் ஒவ்வொரு வரிசையும் துளையிட்ட ஓர் அட்டையாகிறது. அட்டைகளைக் கோத்துத் தறிக்கு மேலே உள்ள ஜக்கார்டு பெட்டியில் ஏற்றுகிறார்கள். துளை இருக்கும் இடத்தில் பாவு இழை தூக்கப்படுகிறது, இல்லாத இடத்தில் அப்படியே கிடக்கிறது; நடுவே ஊடை ஓடுகிறது. பிரான்சில் ஜோசப் மரி ஜக்கார்டு 1804-இல் கொண்டுவந்த ஏற்பாடு இது. இப்போது கணினியில் வரைபவர்களும் பெருகிவிட்டார்கள்.

ஆனால் பாட்டுக்கு நேர்ந்தது இங்கேயும் நேர்கிறது. புது டிசைனுக்கு அட்டை அடிக்கவும் தறியை மாற்றிக் கட்டவும் காசும் நாளும் ஆகும். ஆகவே விற்ற டிசைனே திரும்ப ஓடுகிறது. ஓடுவதால் இன்னும் விற்கிறது. பாட்டிலாவது பாடியவர் பெயர் தெரியும். சேலையின் கரையை யோசித்தவர் பெயர் பெரும்பாலும் கடைவரை வந்து சேர்வதே இல்லை. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. அது ஊருக்கும் தொழிலுக்கும் கிடைத்த காப்பு. வரைந்த கைக்கு அதில் பெயர் கிடையாது. எட்டாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் ராஜசிம்மன் காஞ்சியில் எழுப்பிய கைலாசநாதர் கோயிலில், சுவர்ப் பூச்சுக்குள் மறைந்திருந்த பல்லவ ஓவியங்களை 1931-இல் ஆய்வாளர் ழூவோ துப்ரேய் கண்டறிந்தார். ஓவியம் கிடைத்தது, தீட்டியவர் பெயர் கிடைக்கவில்லை. அன்றைய காலத்துக்கு அது போகட்டும். இன்று வரைபவரின் பெயரையும் நாம் தொலைக்க வேண்டியதில்லை.

அடுத்த முறை பட்டு எடுக்கும்போது, இந்த டிசைனைப் போட்டவர் யார் என்று கடைக்காரரிடம் கேளுங்கள்; தெரியாது என்றால் விசாரித்துச் சொல்லச் சொல்லுங்கள். வாரத்தில் ஒரு பாட்டையாவது, எத்தனை பேர் கேட்டார்கள் என்று பார்க்காமல், முழுதாகக் கேளுங்கள். பிடித்திருந்தால் நாலு பேருக்கு அனுப்புங்கள். நான்கே பேர் கேட்ட பாட்டுக்கு ஐந்தாவது ஆள் பெரிய விஷயம்.