சென்னையைப் பார்க்கும் ஜன்னல்

மாஹிமில் எச்.டி. படம் வேண்டுமென்றால் முதலில் தென்கிழக்கு வானம் வேண்டும்

மும்பையில் கடல் பார்த்த ஜன்னலுக்கு விலை அதிகம். மாஹிமும் விலக்கல்ல. ஆனால் மேற்கே அரபிக் கடலை மட்டும் பார்க்கும் வீட்டுக்கு ஒரு சங்கடம் உண்டு. மொட்டை மாடியை விட்டால் டிஷ் வைக்க இடம் கிடையாது. இந்திய டி.டி.எச். நிறுவனங்கள் பயன்படுத்தும் செயற்கைக்கோள்கள் எல்லாமே மும்பைக்குத் தென்கிழக்கு வானில் நிற்கின்றன. பின்பக்கம், ரயில் பாதையையும் அடுத்த கட்டடத்தின் கழிவுநீர்க் குழாய்களையும் பார்க்கிற மலிவு ஜன்னலுக்குத்தான் யோகம்.

தமிழர் வீட்டு டிஷ்களுக்கு இன்னொரு விசேஷம். தூர்தர்ஷனின் கட்டணமில்லா ஃப்ரீ டிஷ் 93.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் உள்ள செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. சன் டைரக்ட் அந்த இடத்தையும் அதை ஒட்டிய 91.5 டிகிரியையும் பயன்படுத்தி வந்திருக்கிறது. மாஹிமிலிருந்து பார்த்தால் இவற்றின் திசை, வடக்கிலிருந்து வலமாக 131 முதல் 134 டிகிரி. சென்னையின் திசை 129. பூகோளத்தின் தற்செயல்தான். ஆனாலும் தாராவியை ஒட்டிய சந்துகளில் தகரக் கூரை மேல் சாய்ந்து நிற்கும் டிஷ்கள் ஊர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கின்றன என்று சொன்னால் அது வெறும் கவிதை அல்ல, கணக்கும்தான்.

இந்தத் தட்டு வீட்டுக்கு வந்த கதை நீளமானது. 1991ல் ஸ்டார் டி.வி. வந்தபோது அதைப் பிடிக்க எட்டு, பத்து அடி அகலக் குடை தேவைப்பட்டது. அது கேபிள்காரரின் சொத்து. 1993 ஏப்ரலில் சன் டி.வி. தொடங்கியது. அதற்கு முன் மும்பைத் தமிழருக்கு டி.வி.யில் தமிழ் என்றால், தூர்தர்ஷனில் ஞாயிறு பிற்பகல் காட்டப்படும் மாநில மொழிப் படங்களில் தமிழின் முறை வரும்வரை காத்திருப்பதுதான். சன் டி.வி. வந்தும் அதைத் தருவதா வேண்டாமா என்பது கேபிள்காரர் கையில் இருந்தது. தாராவியில் தமிழ் சேனல் தராமல் தொழில் நடத்த முடியாது. மாஹிம் மேற்கில் மராத்தி, குஜராத்தி, கொங்கணி, இந்தி பேசும் வீடுகளுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் நாலைந்து தமிழ் வீடுகளுக்காக யார் தனி டிஷ் வைப்பார்கள்?

வீட்டுக்கு ஒரு சிறிய டிஷ் என்ற யோசனை அப்போதே இருந்தது. ஆனால் 1997ல் மத்திய அரசு அதற்குத் தடை போட்டது. 2000த்தின் இறுதியில்தான் தடை நீங்கியது. 2003ல் டிஷ் டி.வி., 2004 டிசம்பரில் தூர்தர்ஷனின் இலவச சேவை, 2006ல் டாடா ஸ்கை, பின்னர் சன் டைரக்ட் என்று வரிசையாக வந்தன. தெருவில் எத்தனை பேர் தமிழ் கேட்கிறார்கள் என்ற கேள்வியே அத்துடன் அர்த்தமிழந்தது. ஒரே ஒரு வீடு இருந்தாலும் போதும். மொழிச் சிறுபான்மையினருக்கு டி.டி.எச். செய்த பெரிய உபகாரம் இதுதான். படத்தின் துல்லியம் அதற்குப் பிறகு வந்தது.

எச்.டி. வந்தது 2010ல். பழைய தரத்தில் ஒரு படச் சட்டத்தில் சுமார் நாலு லட்சம் புள்ளிகள், எச்.டி.யில் இருபது லட்சத்துக்கு மேல். சன் டி.வி.யே எச்.டி. சேனலைத் தொடங்கியது 2011 டிசம்பரில். இதற்குத் தனியாக ‘எச்.டி. டிஷ்’ வேண்டும் என்று விற்பவர்கள் உண்டு. வேண்டாம். அதே 60 சென்டிமீட்டர் தட்டு போதும். மாற வேண்டியவை செட்-டாப் பாக்ஸ், டி.வி., இரண்டையும் இணைக்கும் எச்.டி.எம்.ஐ. ஒயர். பழைய மூன்று வண்ண ஒயரையே செருகிவிட்டு எச்.டி.க்கு மாதக் கட்டணம் கட்டும் வீட்டில் எச்.டி. தெரியாது.

ஆனால் எச்.டி. சமிக்ஞையை அடைத்து அனுப்பும் முறைக்கு, பழைய முறையைவிடச் சுத்தமான வரவேற்பு தேவை. சாதாரண சேனல் சகித்துக்கொள்ளும் சின்னக் கோணல் எச்.டி.யில் கட்டம் கட்டமாக உடைந்து தெரியும். எவ்வளவு சின்னது என்பதை 2010 ஜூலை காட்டியது. இன்சாட்-4பி செயற்கைக்கோளின் சூரியத் தகட்டில் மின்கோளாறு ஏற்பட்டு, டிரான்ஸ்பாண்டர்களில் பாதியை அணைக்க வேண்டியதாயிற்று. சன் டைரக்ட் படங்கள் இருண்டன. நிறுவனம் 91.5 டிகிரியில் இருந்த மலேசியாவின் மீசாட்-3க்கு மாறியது. வானில் இரண்டு டிகிரி. தட்டின் விளிம்பில் அது ஒரு சென்டிமீட்டர்! அந்த ஒரு சென்டிமீட்டருக்காக வீடு வீடாக ஆள் ஏறி ஸ்பேனர் பிடிக்க வேண்டியிருந்தது.

மாஹிமில் அந்த ஒரு சென்டிமீட்டரை நகர்த்தப் பல எதிரிகள். கடல் உப்புக்காற்றில் கிளாம்ப் துருப்பிடிக்கும், ஒயர் முனையின் இணைப்பு பச்சை பூக்கும். பழைய சால்களின் சுண்ணாம்புச் சுவரில் ஆணி நிற்காது. ஜன்னல் கம்பியில் மாட்டினால் ஜூன் மாதக் காற்று திருகிவிடும். மழையோ கேட்கவே வேண்டாம். இந்தச் சமிக்ஞையின் அலைநீளம் இரண்டரை சென்டிமீட்டர்தான். கொட்டும் மழை அதைக் குடித்துவிடும், முதலில் போவது எச்.டி.தான். 90 சென்டிமீட்டர் டிஷ் போட்டால் நிலைமை ஓரளவு மேம்படும். இணைப்பு கொடுக்க வருபவர் இதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. கேட்டு வாங்க வேண்டும்.

உங்கள் ஜன்னலுக்கு அந்த வானம் தெரிகிறதா என்று பார்க்கக் கருவி தேவையில்லை. மார்ச் இரண்டாம் வாரத்திலும் அக்டோபர் முதல் நாட்களிலும் காலை 11 மணி வாக்கில் மாஹிமிலிருந்து பார்த்தால் சூரியன் 93.5 டிகிரி செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வரும். சில நிமிடம் படம் தடுமாறுவதும் அதனால்தான். அந்த நேரத்தில் நீங்கள் டிஷ் வைக்க நினைக்கும் இடத்தில் நேர் வெயில் விழுந்தால் படமும் விழும். நிழல் விழுந்தால் பணம் கட்டாதீர்கள்.

இப்போதைய சிக்கல் அந்த நிழல்தான். மாஹிமில் செயற்கைக்கோள் அடிவானிலிருந்து சுமார் 57 டிகிரி உயரத்தில் நிற்கிறது. பத்து மீட்டர் தள்ளி எதிர்க் கட்டடம் இருந்தால், அது உங்கள் டிஷ்ஷைவிடப் பதினைந்து மீட்டர், அதாவது ஐந்து மாடி, உயர்ந்தாலே கதை முடிந்தது. (சென்னையில் செயற்கைக்கோள் 68 டிகிரியில் நிற்பதால் அதே இடைவெளியில் எட்டு மாடி வரை தாங்கும்.) சால்கள் இடிந்து கோபுரங்கள் எழும் மாஹிமில் ஐந்து மாடி ஒரு பொருட்டே அல்ல. பக்கத்துத் தாராவியின் மறுசீரமைப்புத் திட்டத்தை 2022 இறுதியில் நடந்த டெண்டரில் அதானி குழுமம் பெற்றது. தகரக் கூரையில் சுதந்திரமாகச் சாய்ந்து நின்ற தட்டுகளுக்கு, 350 சதுர அடி அடுக்குமாடி வீட்டின் வடக்கு ஜன்னலில் வேலை இல்லை. வெளிச்சுவரில் டிஷ் மாட்ட சொசைட்டிகள் பல இடங்களில் சம்மதிப்பதுமில்லை. பில்டர் அழைத்து வரும் ஒரே கேபிள்காரரிடம் மறுபடி தமிழ் கேட்டு நிற்க வேண்டும்.

செல்போனும் ஃபைபரும் இருக்கும்போது டிஷ் எதற்கு என்று கேட்கலாம். பலர் அப்படித்தான் போய்விட்டார்கள். டிராய் கணக்கில் 2020 இறுதியில் ஏழு கோடியாக இருந்த டி.டி.எச். சந்தாதாரர்கள் 2024 இறுதியில் ஆறு கோடிக்கும் கீழே வந்துவிட்டனர். ஆனால் ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதக் கட்டணம் இல்லை. பெரும்பாலும் சாதாரணத் தரம்தான் என்றாலும் டிடி தமிழ் அதில் உண்டு. 2019 பிப்ரவரியிலிருந்து வேண்டிய சேனலை மட்டும் தனியே வாங்கலாம் என்பதால், இந்தித் தொகுப்பு எதுவும் வாங்காமல் தமிழ் எச்.டி. மட்டும் பார்ப்பதும் சாத்தியம். பாஸ்வேர்டும் ஆப்பும் பழகாத பாட்டிக்கு ரிமோட்டில் ஒரு எண் போதும்.

வழி இல்லாமல் இல்லை. மொட்டை மாடியில் ஒரே ஒரு டிஷ், அதிலிருந்து மல்டிஸ்விட்ச் என்ற பிரிப்பான் வழியாகப் பத்துப் பதினைந்து வீடுகளுக்கு ஒயர். அவரவர் பாக்ஸ், அவரவர் சேனல். செலவைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். ஆனால் ஒயர் இறங்க ஒரு குழாய் வழி வேண்டும், மொட்டை மாடியில் தென்கிழக்கு மூலை வேண்டும். இதைக் கேட்க வேண்டிய நேரம் சாவி வாங்கும் நாள் அல்ல. பில்டர் வரைபடத்தோடு வந்து கையெழுத்துக் கேட்கும் கூட்டத்திலேயே கேட்டு, ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும்.