பர்னாந்து என்ற பெயர்

தூத்துக்குடி, மணப்பாடு பக்கம் போனால் 'பர்னாந்து' என்ற பெயரை அடிக்கடி கேட்கலாம். பேசுவது தமிழ். பெயர் போர்த்துக்கீசியப் பெயர். இது எப்படி வந்தது?

அந்தக் காலத்தில் இங்கே பரதவர்கள் கடலில் முத்துக் குளித்தார்கள். முத்துக்காகச் சண்டை மூண்டது. தொழிலுக்கும் உயிருக்கும் ஆபத்து. பரதவர் தலைவர்கள் கொச்சிக்குப் போய்ப் போர்த்துக்கீசியரிடம் உதவி கேட்டார்கள். 1530-களில் பல ஆயிரம் பேர் கிறிஸ்தவர் ஆனார்கள். ஞானஸ்நானத்தோடு புதுப் பெயர்களும் வந்தன. ஆகவே, பெயரைக் கேட்டு இவர்களை வெள்ளைக்காரர் வம்சம் என்று நினைப்பது தவறு. பெயர்தான் கப்பலில் வந்தது. ஆட்கள் இந்தக் கரையின் மக்கள்.

இது பழைய ஜெர்மானிய மொழியில் பிறந்த பெயர். 'துணிந்து பயணம் போகிறவன்' என்று பொருள் சொல்வார்கள். கடலில் போகிறவர்களுக்குப் பொருத்தமான பெயர்தான்! இலங்கையிலும் இந்தப் பெயர் மிக அதிகம். சிங்களரும் வைத்திருக்கிறார்கள், தமிழரும் வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பெயர் கொண்ட ஒருவரைத் தூத்துக்குடி மறக்கவில்லை. அவர் குரூஸ் பர்னாந்து. 'குரூஸ்' என்றால் சிலுவை. அதுவும் போர்த்துக்கீசியச் சொல்தான். அவர் நகரசபைத் தலைவராக இருந்தார். ஊரில் குடிக்க நல்ல தண்ணீர் இல்லை. மக்கள் தவித்தார்கள். வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் குழாய் வழியாக ஊருக்குக் கொண்டு வந்தார். அது 1927-ஆம் ஆண்டு. தூத்துக்குடியில் அவருக்குச் சிலை இருக்கிறது.