ஒரே வெயில், அடுத்தடுத்த இரண்டு பேட்டைகள்

காலநிலை மாற்றத்தின் இடர்களையும் சமூகத்தையும் சேர்த்து முதுகலையில் படிக்கலாம் என்றால், "அது இயற்பியல் ஆச்சே, அதில சமூகத்துக்கு என்ன வேலை?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். சிகாகோ நகரத்தின் கதை இதற்கு நல்ல பதில்.

இடர் என்பதை இந்தத் துறையில் மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். இயற்கை எவ்வளவு கடுமையாக அடிக்கிறது? அடி விழும் இடத்தில் யார் இருக்கிறார்கள்? அதைத் தாங்கும் நிலையில் இருக்கிறார்களா? முதல் கேள்விக்கு வெப்பமானி பதில் சொல்லும். மூன்றாவதுக்குச் சொல்லாது.

1995 ஜூலையில் சிகாகோவில் வெப்பம் 41 டிகிரி செல்சியஸைத் தொட்டது. ஒரே வாரத்தில், வழக்கத்தைவிட 739 பேர் கூடுதலாக இறந்தார்கள். பலர் தனியாக வாழ்ந்த முதியவர்கள். இதை முனைவர் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட எரிக் க்ளைனென்பெர்க், பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு பேட்டைகளை ஒப்பிட்டார். நார்த் லாண்டேல், சவுத் லாண்டேல் இரண்டிலும் வெயில் ஒன்றுதான். தனியாக வாழும் ஏழை முதியவர்களின் விகிதமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் 1 லட்சம் பேருக்கு நார்த் லாண்டேலில் 40 பேர் இறந்தார்கள், சவுத் லாண்டேலில் 4 பேர்.

ஏன்? நார்த் லாண்டேலில் தொழிற்சாலைகள் மூடி, கடைகள் போய், மக்களும் வெளியேறியிருந்தார்கள். காலி மனைகளும் குற்றங்களும் மிஞ்சின. முதியவர்கள் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார்கள். சவுத் லாண்டேலிலோ கடைத்தெரு நெரிசலாக இருந்தது. வெளியே வர இடமும் இருந்தது, விசாரிக்க ஆளும் இருந்தது. இது க்ளைனென்பெர்க்கின் விளக்கம்.

இதை எல்லோரும் அப்படியே ஏற்கவில்லை. ஒரு பகுதியின் பொதுநிலையை வைத்து, அங்கே இறந்த தனிமனிதர் எப்படி வாழ்ந்தார் என்று முடிவுகட்டக் கூடாது என்று மிட்செல் டுனியர் என்ற சமூகவியலாளர் மறுத்தார். இறந்தவர் ஒவ்வொருவரைப் பற்றியும் நேரில் போய் விசாரிக்கணும் என்பது அவர் வாதம். இந்தச் சண்டையையும் சேர்த்துப் படிப்பதுதான் முதுகலைப் படிப்பு.

இது வெறும் ஏட்டுச் சண்டை இல்லை. 1999-ல் மறுபடி கடும் வெயில் வந்தபோது, நகர நிர்வாகம் தனியாக வாழும் முதியவர்களுக்குப் போன் போட்டது, வீட்டுக்கே ஆள் அனுப்பியது. சாவு எண்ணிக்கை 1995-ஐவிட வெகுவாகக் குறைந்தது. வெயில் எச்சரிக்கை கொடுப்பது வானிலை ஆய்வாளர் வேலை. அது யார் காதுக்குப் போய்ச் சேராது, யார் கதவை யாரும் தட்ட மாட்டார்கள் என்று முன்கூட்டியே கண்டுபிடிப்பது இந்தப் படிப்பின் வேலை.