ஸ்பீக்கரை வெடிக்க வைக்கவும் 'ப்ளீஸ்' போடணும்!

மேக்புக்கில் ஓடும் அசாஹி லினக்ஸின் சவுண்ட் டிரைவருக்குள் ஒரு செட்டிங் இருக்கிறது. பெயரைக் கேளுங்கள்: 'ப்ளீஸ்_ப்ளோ_அப்_மை_ஸ்பீக்கர்ஸ்'. சத்தியமாக இதுதான் பெயர்! இன்னும் சோதித்து முடிக்காத மாடலில் ஸ்பீக்கரை அலறவிட ஆசைப்படுகிறவர், கெர்னல் கிளம்பும்போதே இதை 1 என்று வைக்க வேண்டும். தன் கையாலேயே அதை டைப் அடித்த ஆள், பிறகு புகை வந்தால் யாரிடம் போய்ச் சண்டை போட முடியும்? கெர்னல் எழுதுகிறவர்களுக்கு இவ்வளவு குசும்பு இருக்கும் என்று யார் நினைத்தார்கள்!

குசும்புக்குப் பின்னால் நியாயமான பயம் உண்டு. ஆப்பிள் 2020-ல் எம்1 சிப்பை இறக்கியபோது, டிரைவர் எழுதத் தேவையான விவரம் எதையும் வெளியில் தரவில்லை. ஹெக்டர் மார்ட்டின் தொடங்கிய அசாஹி குழு, ஒவ்வொரு பாகத்தையும் நோண்டி நோண்டித்தான் டிரைவர் எழுதியது. ஆரம்ப வெளியீடுகளில் ஸ்பீக்கர் ஊமை. ஓசை வரவழைக்கத் தெரியாமல் இல்லை. வேண்டுமென்றே பூட்டி வைத்திருந்தார்கள். இந்த லேப்டாப்பின் ஆம்ப்ளிஃபையர், அந்தக் குட்டி ஸ்பீக்கர் தொடர்ந்து தாங்குவதைவிட அதிக சக்தியைத் தள்ளக்கூடியது. ஒரு நொடி டமார் என்றால் பரவாயில்லை. விடாமல் தள்ளினால் உள்ளே இருக்கும் மெல்லிய காயில் சூடேறிக் கருகிவிடும்.

இங்கேதான் நம் கதாநாயகன் வருகிறான்: ரஸ்ட் மொழியில் எழுதிய ஸ்பீக்கர்சேஃப்டிடி. ஆம்ப்ளிஃபையர் சிப், ஸ்பீக்கருக்குப் போகும் வோல்டேஜையும் கரண்டையும் அளந்து திருப்பி அனுப்பும். அதை வைத்து காயில் எவ்வளவு சூடு, அதைச் சுற்றியிருக்கும் காந்தம் எவ்வளவு சூடு என்று இந்த புரோகிராம் கணக்குப் போட்டபடியே இருக்கும். பால் பொங்கும் முன் அடுப்பைத் தணிப்பதுபோல, எல்லை நெருங்கும்போதே சத்தத்தை இறக்கிவிடும். காயிலுக்குள் தெர்மாமீட்டர் எதுவும் கிடையாது, எல்லாம் கணக்குதான்!

சரி, காவல்காரனே மயங்கி விழுந்தால்? கெர்னல் அவனையும் நம்புவதில்லை. 'உயிரோடுதான் இருக்கிறேன்' என்று அவன் ஒரு ரகசிய எண்ணைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். 250 மில்லிசெகண்ட் அவனிடமிருந்து பேச்சில்லையென்றால் கெர்னல் வால்யூமைப் பாதுகாப்பான அளவுக்குப் பூட்டிவிடும். அந்த எண்ணை எழுத்துக்கூட்டிப் படியுங்கள்: டி, இ, சி, 1, பி, இ, 1, 5. முதல் 1-ஐ 'ஐ' என்றும், அடுத்ததை 'எல்' என்றும், 5-ஐ 'எஸ்' என்றும் வாசித்தால்... டெசிபெல்ஸ்! எனக்கு இதைப் பார்த்ததும் சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

சோதனை செய்கிறவர்களுக்கு இங்கே விளையாட நிறைய உண்டு. பாட்டு ஓடும்போதே ஒரு டெர்மினலைத் திறந்து அந்த புரோகிராமைக் கொன்று பார்க்கலாம்: கால் நொடியில் சத்தம் சரேலென்று கீழே. மறுபடி கிளப்பினால் மேலே! அது தானாகக் குழம்பி விழுந்தால், விமானத்தில் இருப்பதுபோல ஒரு கறுப்புப் பெட்டிப் பதிவையும் விட்டுச் செல்லும். பிழை தேடுகிறவருக்கு அது பொக்கிஷம்.

பெரிய மேக்புக் ப்ரோவில் ஆறு ஸ்பீக்கர். வூஃபர்கள் முதுகோடு முதுகாக ஜோடி சேர்ந்து, ஒன்றின் அதிர்வை மற்றொன்று ரத்து செய்கின்றன. ஜோடியில் ஒன்றுக்கு மட்டும் பிளஸ் மைனஸ் மாறிப் போனால் பாஸ் காணாமல் போகும். ஆகவே ஒவ்வொரு சேனலாகத் தட்டிக் கேட்க வேண்டும். பிறகு மைக் வைத்து அளந்து, மாடலுக்கு மாடல் தனி ஃபில்டர் செய்ய வேண்டும். அதோடு பேங்க்ஸ்டவுன் என்றொரு பிளகின்: ஸ்பீக்கரால் எழுப்பவே முடியாத ஆழ்ந்த ஒலிக்குப் பதில் அதன் மேல்சுரங்களைச் சேர்த்துவிடும். இல்லாத பாஸை நம் மூளையே இட்டு நிரப்பிக்கொள்ளும். அப்பட்டமான ஏமாற்று வேலை, ஆனால் கேட்க எவ்வளவு சுகம்!

2023 டிசம்பரில் அசாஹியின் வெளியீடான ஃபெடோரா அசாஹி ரீமிக்ஸ் வந்தபோது, பூட்டுத் திறந்த ஸ்பீக்கரும் கூடவே வந்தது. சும்மா சொல்லக்கூடாது, பல விண்டோஸ் லேப்டாப்பின் சத்தம் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. அந்த 'ப்ளீஸ்' செட்டிங்? புது மாடலைச் சோதிக்கும் துணிச்சல்காரர்களுக்காக அது இருக்கவே இருக்கிறது.