வெயிலுக்கு அஞ்சும் ராட்சத முயல்!

முயல் என்றால் கைக்குள் அடங்கும் சின்னப் பிராணி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நாலடி நீள முயலைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

இங்கிலாந்தில் "டேரியஸ்" என்று ஒரு முயல் இருந்தது. 2010-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் அதை அளந்து பார்த்தார்கள். நீளம் 4 அடி 3 அங்குலம்! உலகிலேயே நீளமான முயல் என்று கின்னஸ் புத்தகத்தில் இடம் பிடித்தது. 2021-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஓர் இரவில், திருடர்கள் அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்!

இப்படி ராட்சத முயல் இனங்கள் பல உண்டு. அவற்றில் பெயர் பெற்றது "பிளெமிஷ் ஜெயண்ட்". இதன் பூர்வீகம் பெல்ஜியம் நாடு. 6, 7 கிலோ எடை சர்வ சாதாரணம். வீட்டுப் பூனையை இதன் பக்கத்தில் நிறுத்தினால் பூனை சின்னதாகத் தெரியும்.

நம் நாட்டுப் பண்ணைகளில் "ஒயிட் ஜெயண்ட்", "கிரே ஜெயண்ட்", "சோவியத் சின்சில்லா" ஆகிய பெரிய இனங்கள் வளர்கின்றன. இவை 4 முதல் 5 கிலோ வரை இருக்கும்.

கோவைக்கு மேற்கே, மலை அடிவாரத்தில் இருக்கும் தொண்டாமுத்தூர் போன்ற ஊரில் இந்த முயலைச் செல்லமாக வளர்க்க முடியுமா?

முடியும். ஆனால் ஒரு நிபந்தனை. வெயிலை ஜெயிக்க வேண்டும்!

வியர்க்காத உடம்பு

நமக்கு வெயில் அடித்தால் வியர்க்கிறது. உடம்பு குளிர்கிறது. முயலுக்கு அந்த வசதி இல்லை. உடம்பில் அடர்ந்த ரோமம் வேறு. நீண்ட காதுகளில் ஓடும் ரத்தத்தின் வழியாகத்தான் சூட்டை வெளியே தள்ளுகிறது. உடம்பு பெரிதாக இருந்தால் சூடு வெளியேறுவது இன்னும் கஷ்டம். 30 டிகிரிக்கு மேல் போனாலே ராட்சத முயல் தவிக்கத் தொடங்கிவிடும்.

தமிழ்நாட்டில் பெரிய இன முயல்கள் எங்கே நன்றாக வளர்கின்றன என்று பாருங்கள். ஒன்று, கொடைக்கானல் மலையில் உள்ள மன்னவனூர். அங்கே மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. இன்னொன்று, ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லாவில் உள்ள ஆராய்ச்சி நிலையம். இரண்டும் சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் உள்ள குளிர்ந்த இடங்கள். கோவையோ சுமார் 400 மீட்டர் உயரம்தான்.

தொண்டாமுத்தூருக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும், மலையின் குளிர்ச்சியும் கிடைக்கின்றன. ஆனால் மார்ச் முதல் மே வரை அங்கேயும் வெயில் கொளுத்தத்தான் செய்யும். "எங்கள் ஊர் குளுகுளு ஊர், ஒன்றும் ஆகாது" என்று, தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கக் கூடாது. பாவம், உயிரை விடப் போவது முயல்தான்!

என்ன செய்யலாம்? தகரக் கூரை வேண்டவே வேண்டாம். தென்னங்கீற்று வேய்ந்த கொட்டகை நல்லது. வேப்ப மரத்தடியோ, பாக்குத் தோப்பு நிழலோ கிடைத்தால் மிக நல்லது. உச்சி வெயிலில் பக்கவாட்டில் ஈரச் சாக்கைத் தொங்கவிடலாம். பாட்டிலில் தண்ணீரை உறைய வைத்து, துணி சுற்றிக் கூண்டில் வைத்தால் முயல் அதன்மேல் சாய்ந்து படுத்துக்கொள்ளும்.

முயல் வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறதா? வாயில் நீர் ஒழுகுகிறதா? ஆபத்து! காதுகளை ஈரத் துணியால் துடைத்து, உடனே கால்நடை டாக்டரிடம் கொண்டு போக வேண்டும். பயந்துபோய்க் குளிர்ந்த தண்ணீரில் முக்கிவிடக் கூடாது. அந்த அதிர்ச்சியே அதைக் கொன்றுவிடும்.

காரட் மட்டும் போதாது

படங்களில் முயல் எப்போதும் காரட்டும் கையுமாக இருக்கிறது. உண்மையில் அதற்கு முதல் உணவு புல்தான். முயலின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லை ஓயாமல் மென்றால்தான் பற்கள் தேயும். காரட்டில் சர்க்கரை அதிகம். அதைப் பட்சணம் போல எப்போதாவது கொடுத்தால் போதும்.

கொங்கு நாட்டில் புல்லுக்குப் பஞ்சமா? அருகம்புல் இருக்கிறது. கொறங்காட்டுக் கொழுக்கட்டைப் புல்லைக் காயவைத்துக் கொடுக்கலாம். வேலி மசால், முருங்கைக் கீரை, அகத்திக் கீரை எல்லாவற்றையும் அளவோடு கொடுக்கலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. தொண்டாமுத்தூர் வட்டாரம் காய்கறி விளையும் பூமி. மருந்து அடித்த தோட்டத்து வரப்பில் அறுத்த புல்லைப் போட்டுவிடக் கூடாது. தக்காளிச் செடியின் இலையும் முயலுக்கு ஆகாது.

தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். 5 கிலோ முயல் நாளொன்றுக்கு அரை லிட்டர் வரை குடிக்கும்.

முயல் ஒரு நாள் முழுக்கத் தின்னாமல் இருந்தால், "நாளைக்குச் சரியாகிவிடும்" என்று விட்டுவிடாதீர்கள். குடல் நின்றுபோனால் முயல் பிழைக்காது. வீட்டில் இருக்கும் மாத்திரையைக் கரைத்து ஊற்றுவதும் கூடாது. மனிதருக்குக் கொடுக்கும் பென்சிலின் வகை மருந்து முயலின் வயிற்றுக்குள் போனால் அதுவே விஷம்!

காதைப் பிடிக்காதீர்கள்!

முயலைக் காதைப் பிடித்துத் தூக்குவது பெரும் கொடுமை. ஒரு கை மார்பின் அடியில், இன்னொரு கை பின்புறத்தின் அடியில் இருக்க வேண்டும். பிடி நழுவி அது பின்கால்களை உதைத்தால் தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளும். ராட்சத முயலைச் சிறுவர்கள் தூக்கவே கூடாது. தரையில் உட்கார்ந்து தடவிக் கொடுக்கட்டும்.

கம்பி வலைத் தரை இந்தக் கனத்த உடம்புக்கு ஒத்துவராது. பாதத்தில் புண் வரும். பலகையும் வைக்கோலும் வேண்டும். கூண்டு குறைந்தது 6 அடி நீளம், 4 அடி அகலம் இருக்கட்டும். தெருநாய், கீரி, பாம்பு நுழையாதபடி அடைப்பும் பலமாக இருக்க வேண்டும்.

காட்டு முயல் வேறு!

மலையடிவாரத் தோட்டங்களில் காட்டு முயல் குட்டி கண்ணில் படுவதுண்டு. "தாய் விட்டுவிட்டுப் போய்விட்டது" என்று அதை வீட்டுக்கு எடுத்து வந்துவிடுகிறார்கள். இது தவறு. தாய் முயல் குட்டியைப் புல்லில் மறைத்து வைத்துவிட்டு, பால் கொடுக்கும் நேரத்தில் மட்டும் வரும்.

காட்டு முயலும் வளர்ப்பு முயலும் வேறு வேறு இனம். காட்டு முயல் குட்டி கண் திறந்து, ரோமத்துடன் பிறக்கும். வளர்ப்பு முயல் குட்டியோ கண் மூடி, ரோமம் இல்லாமல் பிறக்கும். காட்டு முயலைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும்.

ஜோடி வாங்கினால்?

ஆணும் பெண்ணுமாக வாங்குவோர் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். முயலின் சினைக்காலம் சுமார் 31 நாள்தான். ஈற்றுக்கு 6 குட்டி, ஆண்டுக்கு 5 ஈற்று என்று வைத்துக்கொண்டாலும் 30 குட்டிகள்! அத்தனைக்கும் தீனி எங்கே? இடம் எங்கே? மூன்று மாதம் ஆனதுமே ஆணையும் பெண்ணையும் பிரித்துவிட வேண்டும். துணை வேண்டுமானால், ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு பெண் குட்டிகளை வாங்கலாம்.

கொங்கு நாட்டார் ஈமு கோழியை மறந்திருக்க மாட்டார்கள். ஆசை ஆசையாக வளர்த்தார்கள். 2012-ம் ஆண்டு ஈமு நிறுவனங்கள் மூடப்பட்டபோது, தீனி இல்லாமல் தவித்தவை அந்த வாயில்லாப் பறவைகள்தான். கடைசியில் அரசாங்கமே தீனி போட வேண்டி வந்தது.

ராட்சத முயல் 5 முதல் 8 ஆண்டுகள் வரை வாழும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஆசைப்பட்டதற்காக வாங்கிய முயல், அந்தப் பிள்ளை பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதும்போதும் கொட்டகையில் தீனிக்குக் காத்திருக்கும். அது வரை புல் அறுத்துப் போடுவது யார்? சித்திரை வெயிலில் சாக்கை நனைத்துக் கட்டுவது யார்? இதற்கு வீட்டில் ஒருவராவது "நான்" என்று சொன்னால், குட்டியைத் தாராளமாக வாங்கலாம்!