கெரிஸ் கலைச்சொற்கள்: மொழிபெயர்ப்பு நோக்கில் ஒரு விளக்கம்

1. முன்னுரை

மலாய்த் தீபகற்பம், சுமத்திரா, சாவகம், பாலி, சுலாவெசி முதலிய பகுதிகளில் வழங்கும் குத்துவாள் 'கெரிஸ்' எனப்படும். இந்தோனேசியக் கெரிஸை யுனெஸ்கோ நிறுவனம் 2005இல் மானுட மரபுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது. 2008இல் தன் பட்டியலிலும் சேர்த்தது. பழைய கெரிஸ்களைப் பற்றிய அருங்காட்சியகக் குறிப்புகளும் மலாய்க் கதைநூல்களும் ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வரும்போது, அவற்றிலுள்ள கலைச்சொற்கள் யாவும் 'கத்தி', 'பிடி', 'உறை' என்னும் மூன்று சொற்களுள் அடங்கிவிடுகின்றன. இச்சுருக்கத்தால் இழக்கப்படுவது யாது, அதனைத் தவிர்க்கும் நெறி யாது என்பன இங்கு ஆராயப்படுகின்றன.

2. பொருளும் தொழிலும்

கெரிஸின் அலகு அடிப்பகுதியில் அகன்று, ஒருபுறம் மிகுதியாக நீண்டு, சமச்சீரின்றி அமையும். அது நேராகவும் இருக்கலாம். அலைபோல் வளைந்தும் இருக்கலாம். வளைவு ஒவ்வொன்றும் 'லோக்' எனப்படும். மரபுப்படி வளைவுகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாகவே இருத்தல் வேண்டும்.

கொல்லர் இரும்பையும் நிக்கல் கலந்த இரும்பையும் அடுக்கிக் காய்ச்சி, அடித்து ஒட்டி, மடித்து மீண்டும் அடிப்பர். அடுக்குகளின் நடுவே எஃகுத் தகடு வைக்கப்படும்; வெட்டும் விளிம்பு அதனால் அமையும். சுலாவெசியின் லூவு பகுதி இரும்பும், சாவகத்தில் பிரம்பானான் அருகே கிடைத்த விண்கல் இரும்பும் இதற்குப் பயன்பட்டுள்ளன. முடிந்த அலகை எலுமிச்சைச் சாறும் பாடாணமும் கொண்டு துலக்கும்போது இரும்பு கறுக்கும். நிக்கல் அடுக்கு வெண்மையாக நிற்கும். இவ்வாறு வெளிப்படும் கோலமே 'பாமோர்'. சாவக மொழியில் 'கலத்தல்' என்னும் பொருளுடைய வேரிலிருந்து இச்சொல் பிறந்தது. எனவே இதனை 'அலங்காரம்' என்றோ 'செதுக்கு வேலை' என்றோ பெயர்த்தல் பிழையாகும். அக்கோலம் அலகின் மேல் வரையப்பட்டதன்று; உலோகத்தின் உள்ளேயே இருப்பது.

3. பெயரீட்டின் உள்ளமைப்பு

உறுப்புகளின் மலாய்ப் பெயர்களை ஒருங்கு வைத்து நோக்கின் ஓர் ஒழுங்கு புலப்படும். கைப்பிடி 'ஹுலு'. இச்சொல்லுக்குத் 'தலை', 'ஆற்றின் மேற்பகுதி' என்னும் பொருள்களும் உண்டு. ஹுலு லங்காட், ஹுலு சிலாங்கூர் ஆகிய இடப்பெயர்களில் இரண்டாம் பொருளைக் காணலாம். அலகு 'மாத்தா'; இதன் முதற்பொருள் 'கண்'. உறையின் நீண்ட பகுதி 'பாத்தாங்', அதாவது தண்டு. உறையின் நுனி 'புந்துத்', அதாவது வால் அல்லது பின்புறம். ஆக, கருவி தலையும் கண்ணும் தண்டும் வாலும் உடையதாகப் பெயரிடப்படுகிறது.

தமிழ் 'பிடி' என்பது பற்றும் கையின் செயலிலிருந்து பிறந்த பெயர்; மலாய் 'ஹுலு' கருவியின் உடலிலிருந்து பிறந்தது. இரண்டும் ஒரே உறுப்பைச் சுட்டினும் ஒரே நோக்கினவல்ல.

'சாரோங்' என்னும் சொல் இங்குத் தனிக்கவனம் பெறத்தக்கது. இலங்கைத் தமிழில் 'சாரம்' என வழங்கும் உடையின் பெயரும் இதுவே. மலாயில் இதன் பொதுப்பொருள் 'உறை'. ஆடை, உடலுக்கு உறை போன்ற துணியாதலால் அப்பெயர் பெற்றது. ஆடைப்பொருளை மட்டும் அறிந்த ஒருவர் கெரிஸ் துணியால் சுற்றப்பட்டது எனப் பொருள் கொள்ள நேரும்.

4. மயக்கம் தரும் சொற்கள்

(அ) சாவக இலக்கிய வழக்கில் கெரிஸுக்கு 'சுரிக' என்னும் பெயரும் உண்டு. அது வடமொழிச் சொல். தமிழ்ச் 'சுரிகை'யின் உறவு. மலாயிலோ அதே வடிவம் 'ஐயுறுதல்' எனப் பொருள்படும். மூலம் எம்மொழியினது என அறியாமல் பொருள் துணிதல் கூடாது.

(ஆ) அலகின் அடியில் குறுக்காகப் பொருந்தும் துண்டு 'கஞ்ச' எனப்படும். இதன் ரோமன் எழுத்து வடிவம் போதைப்பொருளின் பெயரோடு ஒத்தது. தீபகற்பத்தில் இத்துண்டுக்கு வழங்கும் 'ஆரிங்' என்னும் சொல்லை ஆளின் இம்மயக்கம் நீங்கும்.

(இ) 'ஜாவா டெமாம்' என்பது ஒரு பிடி வடிவின் பெயர். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'காய்ச்சல் கண்ட சாவகர்' என்றாகும். கைகளை மடக்கிக் குறுகி அமர்ந்த உருவத்தை ஒத்திருப்பதால் வந்த பெயர் இது. நேர்பெயர்ப்பு மட்டும் தரின் வாசகர் நோயைத் தேடுவர். விளக்கம் மட்டும் தரின் பெயரிலுள்ள நகை மறையும். முதல் வருகையில் இரண்டையும் தருவதே முறை.

(ஈ) சாவக மொழியில் கேட்பவரின் தகுதிக்கும் சுட்டப்படுபவரின் தகுதிக்கும் ஏற்பப் பெயர்ச்சொல்லே மாறும். சாதாரண நிலையில் 'கெரிஸ்', மரியாதை நிலையில் 'டுவுங்', பெரியோருக்குரிய உயர் நிலையில் 'வங்கிங்கான்'. தமிழில் மரியாதையைப் பெரிதும் சுமப்பவை இடப்பெயரும் வினைமுற்றும் ஆகும். ஆதலின் 'வங்கிங்கான்' வருமிடத்துப் புதுப்பெயர் படைக்க வேண்டுவதில்லை. 'அவர்கள் அணிந்தருளிய கெரிஸ்' என மரியாதையை வினைக்கு மாற்றுதல் போதும்.

5. பரிந்துரைக்கும் நெறிகள்

முதலாவது, தமிழில் இணையில்லாதவற்றை ஒலிபெயர்த்தே ஆளலாம்: கெரிஸ், பாமோர், லோக். முதல் வருகையில் சிறு விளக்கம் சேர்த்தல் வேண்டும். இரண்டாவது, பயனால் ஒத்த உறுப்புகளுக்குத் தமிழ்ச் சொற்களே ஏற்றவை: அலகு, பிடி, உறை, உறைநுனி. பிடியின் அடியிலுள்ள கிண்ண வடிவ உலோக வளையத்துக்கு, உலக்கையில் நாம் அறிந்த 'பூண்' என்னும் சொல் பொருந்தும். உறுப்புப்பெயரின் உருவகம் மூலத்தில் சிறப்பிடம் பெறுமாயின் அவ்விடத்தில் மட்டும் மலாய்ச் சொல்லையும் தரலாம். மூன்றாவது, சிறப்புப்பெயர் பெற்ற கெரிஸ்களை ஆட்பெயர்போல் கொள்ளுதல் வேண்டும். ஹங் துவா கதையில் வரும் 'தாமிங் சாரி' அத்தகையது, அதனை மொழிபெயர்த்தலாகாது. நான்காவது, மலாய்ச் சொல்லையும் சாவகச் சொல்லையும் ஒரே பனுவலில் கலத்தல் தவிர்க்கத்தக்கது. மூலநூல் எவ்வட்டாரத்தினதோ அவ்வட்டார வழக்கே கொள்ளத்தக்கது.

6. முடிவுரை

கைவினைப் பொருளின் சொற்கள் தனித்தனியே நிற்பனவல்ல. பொருளின் உறுப்புகளைப் போலவே ஒன்றோடொன்று பொருந்தி நிற்பன. ஒன்றை ஆங்கிலத்திலிருந்தும் மற்றொன்றை மலாயிலிருந்தும் எடுத்துக் கோப்பின், பிடியும் உறையும் பொருந்தாத கெரிஸே எஞ்சும். மொழிபெயர்ப்பாளர் முதற்கண் செய்யத்தக்கது, உறுப்புகளின் படம் ஒன்றை முன்வைத்து மூலமொழிப் பெயர்களை அதில் குறித்துக்கொள்வதாகும். தமிழ்ச் சொற்களைத் தேர்வது அதன் பின்னரே இயலும்.